காற்று பம்ப் மக்கர் பண்ணுதா? அறிகுறியை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம்

கெட்டுப்போச்சு என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்து காட்டிய, டயருக்கு அடிக்கும் காற்று பம்புகளில் பல உண்மையில் கெட்டே போகவில்லை. ஃபியூஸ் போயிருக்கும், வால்வில் சரியாக உட்கார்ந்திருக்காது, இல்லாவிட்டால் அந்த பம்ப் அந்த வண்டிக்கு ஆனதாகவே இருக்காது. கடைசியாகச் சொன்னதற்கு ரிப்பேர் கிடையாது, வேறு பம்ப்தான் வாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு அறிகுறியாக எடுத்து, முதலில் எதைப் பார்ப்பது, எதை நாமே சரிசெய்யலாம், எந்த இடத்தில் பம்பையே மாற்ற வேண்டும் என்று எழுதுகிறேன். புதிதாக வாங்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டே வாங்குங்கள். பழைய பம்ப் எங்கே காலை வாருகிறது என்று தெரிந்தால், புதியதில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள்.

சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை

இது கார் சாக்கெட்டில் செருகுகிற ரகத்துக்கு. பல வண்டிகளில் சாவியைத் திருப்பாமல் சாக்கெட்டுக்குக் கரண்ட் வராது, அதை முதலில் பாருங்கள். சாவி போட்டும் ஓடவில்லையென்றால் பம்பைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் போன் சார்ஜரைச் செருகுங்கள். சார்ஜர் வேலை செய்கிறது, பம்ப் ஓடவில்லை என்றால் பம்பின் செருகியைப் பாருங்கள். நுனியில் இருக்கும் வளையத்தை இடப்பக்கம் திருகினால் பல பம்புகளில் அது கழன்று வரும், உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் சின்னக் கண்ணாடி ஃபியூஸும் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கம்பி அறுந்திருப்பது தெரியும், சில சமயம் கண்ணாடியே கறுத்திருக்கும். அதே ஆம்பியர் ஃபியூஸ் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது.

சார்ஜரும் வேலை செய்யவில்லையென்றால் காரின் ஃபியூஸ் பெட்டியில் அந்த சாக்கெட்டுக்கான ஃபியூஸ் போயிருக்கிறது. இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அந்த இடத்தில் 20, 30 போட்டுவிடுகிறார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது பம்பை அல்ல, அதற்குப் பின்னால் டேஷ்போர்டுக்குள் ஓடுகிற வயரை. பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸ் தாங்கும், வயர் உருகும்.

கணக்கு எளிதுதான். 12 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் 180 வாட். பம்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை ஆம்பியர், எத்தனை வாட் என்று பாருங்கள். அது உங்கள் சாக்கெட்டின் ஃபியூஸை ஒட்டியே இருந்தால், மோட்டார் கிளம்புகிற நொடியில் இன்னும் அதிகமாக இழுக்கும், ஃபியூஸ் போய்க்கொண்டேதான் இருக்கும். அந்த பம்ப் சாக்கெட்டுக்கு ஆனதில்லை. அவ்வளவு சக்தி வேண்டுமென்றால் பேட்டரியிலேயே நேரடியாகக் கிளிப் மாட்டுகிற ரகத்துக்குப் போங்கள். வேண்டாம் என்றால் குறைவாக இழுக்கிற சிறியதாகவோ, உள்ளேயே பேட்டரி வைத்ததாகவோ வாங்குங்கள். லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பெரிய வண்டிகளில் 24 வோல்ட் இருக்கும், அதில் 12 வோல்ட் பம்பைச் செருகினால் சீக்கிரமே புகைந்துவிடும்.

ஓடுகிறது, ஆனால் முனகிக்கொண்டே ஓடுகிறது என்றால் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு முயலுங்கள். எஞ்சின் ஓடும்போது சாக்கெட்டில் 14 வோல்ட் அளவுக்கு வரும், நின்றிருக்கும்போது 12 சொச்சம்தான், மோட்டாரின் சத்தத்திலேயே வித்தியாசம் கேட்கும். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் இதைச் செய்யாதீர்கள். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும். வண்டியை வெளியே எடுத்துவிட்டு அடியுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, காற்று ஏறவில்லை

பம்பை ஓடவிடுவதற்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஹோஸை வால்வில் மாட்டுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். டயரில் ஏற்கெனவே இருக்கிற காற்றின் அளவு, 22, 25 பி.எஸ்.ஐ. (காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று ஏதோ ஒன்று, உடனே தெரிய வேண்டும். தெரிந்தால் இணைப்பு சரி. டயரில் காற்று இருந்தும் பூஜ்யம் காட்டினால் ஹோஸ் நுனி வால்வுக்குள் இருக்கும் பின்னை அழுத்தவில்லை என்று அர்த்தம்.

வால்வு மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். நடுவில் ஊசி மாதிரி ஒரு சின்னப் பின் தெரியும். நகத்தால் லேசாக அமுக்கினால் ஸ்ஸ் என்று காற்று வரும், விட்டால் நிற்கும். பம்பின் நுனியில் இருக்கும் மேடு அந்தப் பின்னை முழுவதுமாக அமுக்கினால்தான் காற்று உள்ளே போகும். திருகுகிற பித்தளை நுனியாக இருந்தால், முதல் இரண்டு சுற்றில் காற்று சீறும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பயப்படாமல் தொடர்ந்து திருகுங்கள், கடைசிச் சுற்றில் சீறல் தானாக நின்றுவிடும். நெம்புகோலை மடக்குகிற ரகம் என்றால் நுனியை வால்வின் அடிவரை அழுத்திவிட்டு அப்புறம் மடக்குங்கள். மேலோட்டமாக வைத்து மடக்கினால் பிடித்த மாதிரி தெரியும், பிடித்திருக்காது.

இன்னொரு தடயமும் உண்டு. சுவிட்சைப் போட்ட இரண்டே நொடியில் மீட்டர் 60, 80 என்று தாவினால் டயர் நிறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பின் அமுங்காததால் காற்றுக்குப் போக வழியில்லை, ஹோஸுக்குள்ளேயே அடைபட்டு நிற்கிறது. உடனே நிறுத்திவிட்டு மறுபடி மாட்டுங்கள். மாறாக மீட்டர் பூஜ்யத்திலேயே கிடந்தால் காற்று எங்கோ வெளியே போகிறது. ஹோஸ் பம்போடு சேரும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று காற்று படும். அங்கே இல்லையென்றால் நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு டயரில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஏறினால் பம்ப் சரி, முதல் டயரில்தான் பெரிய ஓட்டை.

அப்புறம், டயர் முழுவதும் தட்டையாகி ரிம்மை விட்டு விலகியிருந்தால் எந்தக் கையடக்க பம்பாலும் முடியாது. டயரை மறுபடி ரிம்மில் உட்கார வைக்க ஒரே வீச்சில் ஏராளமான காற்று வேண்டும். ஜாக்கி போட்டு வண்டியின் பாரத்தை எடுத்துவிட்டால், லேசாக மட்டும் விலகிய டயர் சில நேரம் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஸ்டெப்னிதான்.

காற்று ஏறுகிறது, ஆனால் யுகமாகிறது

என் முதல் பம்பை அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த ‘150 பி.எஸ்.ஐ.’ என்பதை நம்பித்தான் வாங்கினேன். கார் டயருக்கு 33தானே வேண்டும், இது 150 வரை போகுமே என்று நினைத்தேன். மழையில் ஒருநாள் பின் டயர் 12-க்கு இறங்கிவிட்டது. 10 நிமிடம் ஓடி 19-ஐத் தொட்டதும் பம்ப் சூடாகி நின்றுவிட்டது. அந்த எண் பொய்யில்லை. ஆனால் என் கேள்விக்கு அது பதிலும் இல்லை. அது எனக்குப் புரியவே அந்த இரவு தேவைப்பட்டது.

பி.எஸ்.ஐ. என்பது எவ்வளவு அழுத்தித் தள்ளும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது வேறு, அதை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள். மெல்லிய ரேஸ் சைக்கிள் டயருக்குள் சுமார் 1 லிட்டர் இடம்தான். அதில் 100 பி.எஸ்.ஐ. ஏற்ற வெளியிலிருந்து 7 லிட்டர் காற்று போதும். சாதாரணக் கார் டயருக்குள் ஏறக்குறைய 35 லிட்டர் இடம். அதைப் பூஜ்யத்திலிருந்து 33-க்குக் கொண்டுவர 80 லிட்டர் கிட்ட வேண்டும். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு, காற்று பதினோரு மடங்கு! 150 என்ற எண் சைக்கிள்காரருக்கு ஆறுதல், கார்காரருக்கு அதனால் பெரிய பயனில்லை.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். டயருக்குள் இருக்கும் இடத்தை, ஏற்ற வேண்டிய பி.எஸ்.ஐ.யால் பெருக்கி, 14.7-ஆல் (வெளிக்காற்றின் அழுத்தம் அவ்வளவு பி.எஸ்.ஐ.) வகுத்தால் தேவையான லிட்டர் வந்துவிடும். அதை பம்ப் நிமிடத்துக்குத் தள்ளும் லிட்டரால் வகுத்தால் எத்தனை நிமிடம் என்று தெரியும். 24-லிருந்து 33-க்கு ஏற்ற 35 பெருக்கல் 9 வகுத்தல் 14.7, அதாவது சுமார் 21 லிட்டர். பெரிய எஸ்.யூ.வி. டயர் என்றால் உள்ளே இடம் இரண்டு மடங்குகூட இருக்கும், நேரமும் அதே மடங்கு கூடும். பெட்டியில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஹோஸின் முனை திறந்திருக்கும்போது வருகிற அளவு. டயருக்குள் 30 பி.எஸ்.ஐ. எதிர்த்து நிற்கும்போது அதே பம்ப் அதைவிடக் குறைவாகத்தான் தள்ளும், அதனால் கணக்கில் வரும் நேரத்தோடு இன்னும் பாதியாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் லிட்டர் கணக்கே இல்லையென்றால், ‘195 டயரை 0-லிருந்து 35-க்கு இத்தனை நிமிடத்தில்’ என்று எங்காவது போட்டிருக்கிறதா பாருங்கள். எந்த அளவு டயர், எங்கிருந்து எங்கே என்ற மூன்றும் இருந்தால்தான் அந்த வரியால் பயன். வெறுமனே ‘3 நிமிடத்தில் டயர் ரெடி’ என்பது எதையும் சொல்லவில்லை, 30-லிருந்து 33-க்கு ஏற்றியும் அப்படி எழுதலாம்.

வாங்கிய பம்பை வீட்டிலேயே ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒரு டயரில் காற்றை 25-க்கு இறக்கிவிட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, 33-க்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு கார் டயருக்கு 2, 3 நிமிடத்துக்குள் முடித்தால் வைத்துக்கொள்ளலாம். 6, 7 நிமிடம் எடுத்தால், தட்டையான டயரை அது தூக்கும் என்று நம்பி ராத்திரிப் பயணம் போகாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் நாட்களுக்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.

பாதியில் நின்றுவிடுகிறது

காரணம் பெரும்பாலும் சூடுதான். ஒரு விரல் பருமன் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓயாமல் காற்றை நசுக்குகிறது, நசுங்குகிற காற்று சூடாகும், அதற்கு வேறு வழியில்லை. அதனால்தான் கையேட்டில் 8 நிமிடம், 10 நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம், பிறகு இவ்வளவு நேரம் ஆறவிடுங்கள் என்று போட்டிருக்கும். நல்ல பம்ப் அளவுக்கு மீறிச் சூடானால் தானே நின்றுகொள்ளும். அது கோளாறில்லை, பாதுகாப்பு. 15, 20 நிமிடம் நிழலில் வையுங்கள், திரும்ப ஓடும். கழற்றும்போது பித்தளை நுனியை வெறும் விரலால் சட்டென்று பிடிக்காதீர்கள், தோல் பொசுங்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் தொட்டால் சூடே இல்லை, ஆனாலும் நின்றுவிட்டது என்றால், எந்த அளவு வந்ததும் தானாக நிற்க வேண்டும் என்ற செட்டிங்கைப் பாருங்கள். பார், கே.பி.ஏ., கிலோ, பி.எஸ்.ஐ. என்று நான்கு அலகு இருக்கும், பொத்தானைத் தெரியாமல் அமுக்கினால் மாறிவிடும். 33 பி.எஸ்.ஐ. என்பது 2.28 பார், 228 கே.பி.ஏ., கிலோ கணக்கில் 2.32. எண்ணைப் பார்த்தாலே எந்த அலகு என்று ஊகிக்கலாம், பாருக்கும் கிலோவுக்கும்தான் குழப்பம் வரும், அந்த வித்தியாசம் ஆபத்தில்லாத அளவு சின்னது. சைக்கிள், பைக், கார், பந்து என்று படம் போட்ட மோடுகள் இருந்தால், பைக் மோடில் வைத்துவிட்டுக் காருக்கு அடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு டயருக்கும் ஒருமுறை சூடாகி நின்றால் அது சின்ன பம்ப், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை 2, 3 பி.எஸ்.ஐ. ஏற்றிக்கொள்ள அதுவே போதும்.

பம்ப் ஒரு அளவு காட்டுகிறது, வேறு கேஜ் ஒரு அளவு காட்டுகிறது

ஓடும்போது காட்டுகிற அளவை நம்பாதீர்கள். ஹோஸுக்குள் காற்று தள்ளப்படும்போது மீட்டரில் கூடுதலாகத் தெரியும். நிறுத்தி, ஓரிரு நொடி கழித்துப் பாருங்கள். திருகுகிற நுனியைக் கழற்றும்போதும் கொஞ்சம் காற்று சீறி வெளியேறும், அதனால் 1 பி.எஸ்.ஐ. கூடுதலாக வைத்துவிட்டு வேகமாகக் கழற்றுவது என் வழக்கம்.

டயரின் சூடும் கணக்கை மாற்றும். ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். 10 டிகிரி சூடு ஏறினால் கார் டயரில் ஒன்றரை முதல் 2 பி.எஸ்.ஐ. வரை கூடும். நெடுந்தூரம் ஓட்டி வந்து அளந்துவிட்டு, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், காலையில் குறைந்து நிற்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் வந்தால், தனியாக ஒரு நல்ல கேஜ் வாங்கி அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். உங்கள் பம்ப் எப்போதும் 2 கூட்டிக் காட்டுகிறது என்றால் பிரச்சினையே இல்லை, 35-இல் நிறுத்தினால் 33. ஒருமுறை கூட்டி, ஒருமுறை குறைத்துக் காட்டினால்தான் அந்த மீட்டரை நம்ப முடியாது.

உள்ளே பேட்டரி வைத்த பம்ப்: சார்ஜ் ஏறவில்லை, நிற்கவில்லை

டைப்-சி ஓட்டை இருக்கிறதே என்று, இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் சில பம்புகளில் சார்ஜே ஏறாது. பம்புக்குள் அதற்கான சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டிருப்பார்கள், சார்ஜருக்கு எதிரில் ஒரு கருவி இருப்பதே தெரியாது. ஒரு பக்கம் பழைய அகலமான யூ.எஸ்.பி., மறுபக்கம் டைப்-சி உள்ள கேபிளைப் போடுங்கள், பெரும்பாலும் ஏறிவிடும். பம்ப் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் இதை அவசியம் பாருங்கள்.

பேட்டரியின் கொள்ளளவு என்று போட்டிருக்கும் எம்.ஏ.எச். எண்ணை மட்டும் வைத்து இரண்டு பம்புகளை ஒப்பிடாதீர்கள். 3.7 வோல்ட் கணக்கில் 7500 என்று போட்டதும், 11.1 வோல்ட் கணக்கில் 2500 என்று போட்டதும் ஒரே சக்திதான். இரண்டையும் அதனதன் வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 27.75 வாட் ஹவர் வரும். வாட் ஹவர் என்ன என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் லித்தியம் பேட்டரி உள்ள எதையும் வைக்காதீர்கள். பேட்டரி உப்பும், ஆயுளும் குறையும். உப்பியது தெரிந்தால் அப்புறம் சார்ஜ் போடவே கூடாது. மாதக்கணக்கில் தொடாமல் கிடந்தால் சார்ஜ் இறங்கி, தேவைப்படும் நேரத்தில் கைவிடும். இதனால்தான், வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் பம்பைத் தேடுகிறவர்களுக்கு வயர் போட்டுச் செருகுகிற ரகத்தையே சொல்வேன். வாராவாரம் பைக், சைக்கிள் எல்லாவற்றுக்கும் அடிக்கிறவர்களுக்குப் பேட்டரி ரகம் கைக்கு அடக்கம்.

எட்டவில்லை, பொருந்தவில்லை

வாங்கும்போதே சாக்கெட்டிலிருந்து தூரத்தில் இருக்கும் பின் சக்கரம் வரை ஒரு கயிறு போட்டு அளந்துகொள்ளுங்கள். நேர்கோட்டில் அளக்காமல், கதவைச் சுற்றிப் போகும் வழியில் அளக்க வேண்டும்.

கார், பைக்கில் இருப்பது ஷ்ரேடர் வால்வு. ரேஸ் சைக்கிளில் ஒல்லியாக இருப்பது ப்ரெஸ்டா, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும், நுனியில் இருக்கும் குட்டி நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பைக்கில் டிஸ்க் பிரேக் இடிப்பதால் நேரான நுனி நுழையாது, 90 டிகிரி வளைந்த சின்ன எக்ஸ்டென்ஷன் ஒன்று வைத்துக்கொண்டால் சிரமமில்லை.

உங்கள் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியான தற்காலிக ரகமா? அதற்குப் பொதுவாக 60 பி.எஸ்.ஐ. வேண்டும், அதன் மேலேயே எழுதியிருக்கும். 50-உடன் நின்றுவிடுகிற பம்ப் அதற்கு ஆகாது.

அடித்த காற்று மறுநாளே இறங்கிவிடுகிறது

இது பம்பின் குற்றமில்லை. மாதத்துக்கு 1, 2 பி.எஸ்.ஐ. இறங்குவது சகஜம், ஒரே இரவில் 5 இறங்கினால் ஓட்டை இருக்கிறது. சோப்புத் தண்ணீரை முதலில் வால்வு வாயில் ஒரு சொட்டு விடுங்கள், குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின்னை லேசாக முறுக்கினாலே சில சமயம் நின்றுவிடும். வரவில்லையென்றால் டயரின் மேல்பரப்பு, ரிம்மின் ஓரம் என்று தேய்த்துக்கொண்டே வாருங்கள்.

காற்றே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடிய டயராக இருந்தால், அடிப்பதற்கு முன் பக்கவாட்டுச் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வட்டமாக ஒரு சுருக்கக் கோடு, தேய்ந்து சொரசொரத்த பட்டை, உள்ளிருந்து உதிர்ந்த கறுப்பு ரப்பர் தூள், இதில் எது தெரிந்தாலும் அந்தச் சுவர் உள்ளே நொறுங்கியிருக்கிறது. பம்ப் 33-ஐக் காட்டும், டயரும் உருண்டையாக நிற்கும், வேகத்தில் போகும்போது வெடிக்கும். அதற்குக் காற்று அடிக்காதீர்கள், ஸ்டெப்னியை எடுங்கள்.